விளம்பரம் தயாராகும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி

பிளஸ் 2 ரிசல்ட் வரும் வாரத்தில் டெல்டா கிராமத்துச் சேரிகளில் ஒரே பேச்சுதான். பெண் பிள்ளை என்றால் நர்சிங், டீச்சர் டிரெய்னிங். பையன் என்றால் போலீஸ் செலக்‌ஷன், ஐ.டி.ஐ. அதுவும் இல்லாவிட்டால் ஏதாவது ஒரு டிகிரியை முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. எழுதுவது. இதைக் குறை சொல்ல முடியாது. இடஒதுக்கீடு இல்லாத வேலையில் நம் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று பட்டு அறிந்த சனம் அது. ஆனால், 'விளம்பரத் துறைக்குப் படிக்க வை' என்று எந்தத் திண்ணையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வேலையை நம் பிள்ளைகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் என்று எந்த ஊர் ஃப்ளெக்ஸ் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன்களில் நம் தெருப் பிள்ளைகளும் இருப்பார்கள். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம், ஏப்ரல் 14 என்று நாள் முழுக்க டிசைன் போடுகிறார்கள். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் எந்த அளவு எழுத்து கண்ணில் படும், சிவப்புப் பின்னணியில் எந்த நிறம் எடுபடும், இருபது பேர் படம் போட வேண்டிய பேனரில் யார் படம் பெரிதாக இருந்தால் சண்டை வராது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கடைசியாகச் சொன்னதற்குத் தனியாகவே ஒரு பட்டம் கொடுக்கலாம். கல்லூரியில் இதற்கு லே-அவுட், டைப்போகிராஃபி, கிளையன்ட் சர்வீசிங் என்று பெயர்.

இவர்களுக்கு முந்தைய தலைமுறை சுவரில் விளம்பரம் எழுதியது, சினிமா பேனர் வரைந்தது. 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் இயந்திரம் ஊருக்கு ஊர் வந்ததும் அந்தத் தூரிகைகள் மூலைக்குப் போயின. இப்போது ஃப்ளெக்ஸுக்கும் அதே நிலை வரலாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்த பிறகு, அனுமதியில்லாத பேனர்கள் மீது நீதிமன்றத்தின் பார்வை கடுமையானது. கடைக்காரர்களின் விளம்பரமும் கைப்பேசிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கடையில் தினக்கூலிக்கு டிசைன் போடும் பையன் அடுத்து எங்கே போவது? இந்தக் கட்டுரைக்குக் காரணமே அந்தக் கேள்விதான்.

அறைக்குள் யார் இருந்தார்கள்?

2023 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். உணவு டெலிவரி நிறுவனமான ஜொமேட்டோ ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. பிளாஸ்டிக் குப்பையை மறுசுழற்சி செய்வது பற்றிய விளம்பரம் அது. 2001-இல் வந்த 'லகான்' இந்திப் படத்தில் 'கச்ரா' என்று ஒரு பாத்திரம் உண்டு. தீண்டத்தகாதவன் என்று ஊர் ஒதுக்கிய, பந்து வீசத் தெரிந்த ஒரு தலித். கச்ரா என்றால் இந்தியில் குப்பை. அந்தப் பாத்திரத்தில் நடித்த அதே நடிகரைக் கூட்டிவந்து, மேசையாகவும் விளக்காகவும் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். குப்பையிலிருந்து செய்த பொருள்களாம்! எதிர்ப்பு கிளம்பியது. சில நாள்களில் விளம்பரத்தை எடுத்துவிட்டு, நோக்கம் நல்லதுதான், யார் மனதாவது புண்பட்டிருக்கலாம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

கெட்ட எண்ணத்தில் எடுத்தார்கள் என்று வாதாட நான் வரவில்லை. ஒரு விளம்பரம் திரைக்கு வருவதற்கு முன் எத்தனை பேர் கைமாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். எழுதுபவர், வரைபவர், அவர்களுக்கு மேலே கிரியேட்டிவ் டைரக்டர், நிறுவனத்தின் மார்க்கெட்டிங் ஆட்கள், படம் எடுக்கும் குழு, எடிட்டர். இத்தனை பேர் பார்த்தும் விளம்பரம் வெளியே வந்துவிட்டது. ஒரு மனிதனைக் குப்பை என்று கூப்பிட்டால் எங்கே வலிக்கும் என்று தெரிந்த ஒருவர் அந்த அறையில் கையைத் தூக்கியிருந்தால் போதும், அங்கேயே நின்றிருக்கும்.

பத்திரிகைத் துறையில் இந்தக் கணக்கை எடுத்திருக்கிறார்கள். 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106-இல் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. விளம்பரப் பணத்தில் ஓடும் செய்தித் துறையின் நிலைமையே இது.

நம்மைப் பற்றி விளம்பரம் பேசிய விதத்துக்கு வேறு சான்றுகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை பக்கத்தில் 'சாதி தடையில்லை' என்று பெரிய மனதோடு எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 'எஸ்.சி., எஸ்.டி. தவிர' என்று முடிக்கும் வரிகளை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். 'சைவம் மட்டும்' என்ற வீட்டு வாடகை விளம்பரத்தின் பொருளும் நமக்குத் தெரியும். கறுப்பு நிறம் ஒரு குறை என்று 1975 முதல் வீட்டுக்கு வீடு சொல்லிவந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம், 2020-இல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது. சாதி, நிறம், பாலினம் எதையும் இழிவுபடுத்தக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் விதி வைத்திருக்கிறது. 1985-இல் தொடங்கிய அந்த அமைப்பிடம் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். ஆனால் புகார் என்பது விளம்பரம் வந்த பிறகு செய்வது. வருவதற்கு முன்னால் உள்ளே இருப்பது வேறு.

தாத்தாக்கள் அறிந்த தொழில்

விளம்பரம் நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். 1893 அக்டோபரில் ரெட்டமலை சீனிவாசன் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பறையன்'. ஊர் எந்தச் சொல்லை வசையாக வீசியதோ, அதையே எடுத்துப் பத்திரிகையின் தலையில் பொறித்தார். இன்றைய பாஷையில் இது பிராண்டிங். 1907-இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் கொண்டுவந்த வார இதழுக்குப் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. பத்திரிகையின் பெயரிலேயே விலை! கூலி வேலை செய்பவன் கடையில் பார்த்ததும் இது தன்னால் வாங்க முடிந்த பத்திரிகை என்று தெரிந்துகொள்வான். நான் பார்த்த வரையில் இதைவிடச் சிக்கனமான விளம்பர வாசகம் தமிழில் இல்லை.

1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் மராத்தியில் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். புதுப் பத்திரிகை வருகிறது என்று விளம்பரம் செய்ய, திலகர் நிறுவிய 'கேசரி' இதழை அணுகினார்கள். இலவசமாகப் போடச் சொல்லவில்லை, கட்டணம் கொடுப்பதாகத்தான் சொன்னார்கள். அப்படியும் போட மறுத்துவிட்டது. காசு கொடுத்தும் விளம்பரத்துக்கு இடம் கிடைக்காத சரித்திரம் நம்முடையது.

சீனிவாசனின் உத்தி இன்றும் பலிக்கிறது. மும்பையில் சுதீர் ராஜ்பர் என்ற ஓவியர் 2018-இல் 'சமார் ஸ்டூடியோ' என்று ஒரு பிராண்டைத் தொடங்கினார். வடக்கே வசைச் சொல்லாகப் பயன்பட்ட சாதிப் பெயரையே பைகளுக்குப் பெயராக வைத்து, தோல் தொழிலாளர்களைக் கொண்டு ரப்பரில் பைகள் தயாரித்தார். இன்று அது உயர்ந்த விலையில் போகும் பெயர். அமெரிக்காவில் டாம் பரெல் என்ற கறுப்பினத்தவர் 1960-களின் தொடக்கத்தில் சிகாகோ விளம்பர நிறுவனம் ஒன்றில் தபால் பிரித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். 1971-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். கறுப்பு மக்கள் என்றால் தோல் கறுத்த வெள்ளையர்கள் அல்ல, அவர்களுக்கென்று வீடும் பேச்சும் சிரிப்பும் இருக்கிறது என்று பெரிய கம்பெனிகளுக்குப் புரியவைத்துத்தான் அவர் மெக்டொனால்ட்ஸ், கோகோ கோலா விளம்பரங்களை வாங்கினார். அப்படி ஒருவர் வந்தும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 2006-இல் நியூயார்க் நகரத்தின் மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகுதான், அந்த ஊரின் 16 விளம்பர நிறுவனங்கள் கறுப்பினத்தவரைக் கூடுதலாக வேலைக்கு எடுப்பதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன.

கும்பகோணத்திலேயே படிக்கலாம்

சரி, இதை எங்கே படிப்பது? கும்பகோணத்தில் கல்லூரி என்றதும் காவிரிக் கரையில் இருக்கும் அரசு கலைக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். 1854-இல் தொடங்கியது, தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பெயர் எடுத்தது, ராமானுஜன் படித்தது. அதே ஊரில் அரசு கவின்கலைக் கல்லூரி என்று ஒன்று இருப்பது சுற்றுக் கிராமங்களில் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும்தான் இருக்கிறது. இயக்குநர் பா.இரஞ்சித் படித்தது சென்னைக் கல்லூரியில். இரண்டும் தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன.

இங்கே பி.எஃப்.ஏ. நான்கு ஆண்டுப் படிப்பு. வண்ணக்கலை, சிற்பக்கலை ஆகியவற்றோடு 'காட்சிவழித் தகவல் வடிவமைப்பு' என்று ஒரு பிரிவு இருக்கிறது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு காலத்தில் ஓவியக் கல்லூரிகளில் வணிகக் கலை, விளம்பரக் கலை என்று சொன்னதன் இன்றைய பெயர்தான் இது. எழுத்துரு, போஸ்டர், லோகோ, பாக்கெட் வடிவமைப்பு, புகைப்படம், ஒரு பொருளுக்கு முழு விளம்பரத் திட்டம் தயாரிப்பது என்று படிப்பு போகும். பிளஸ் 2 தேறியிருக்க வேண்டும். ஆனால் மார்க் மட்டும் போதாது, வரைதல் தேர்வும் உண்டு. நல்ல மார்க் எடுத்த பையன் அங்கே தடுமாறுவதும், பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டு வாத்தியாரிடம் அடி வாங்கிய பையன் உள்ளே போவதும் நடக்கும்.

அரசுக் கல்லூரி என்பதால் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம் (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 சதவீதம் இடம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022-இலும் பையன்களுக்கு 2024-இலும் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்களும் இருக்கின்றன. கல்லூரி அலுவலகத்தில் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டியவை இவை.

படம் வரைய வராது, எழுத வரும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. விளம்பரத்தில் பாதி எழுத்துதான். எந்தப் பட்டம் படித்திருந்தாலும், டெல்லியில் மத்திய அரசு 1965-இல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தில் விளம்பரம், மக்கள் தொடர்பு படிக்கலாம். அங்கே பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு ஏழரை சதவீதம். சென்னை, திருச்சித் தனியார் கல்லூரிகளில் விஸ்காம் இருக்கிறது. விஸ்காம் என்றாலே சினிமா என்று நினைத்துச் சேர்ந்து, மூன்று வருடமும் ஷார்ட் ஃபிலிம் எடுத்தே கழிப்பவர்கள் அதிகம். விளம்பரம் உங்கள் குறி என்றால் சேரும்போதே அதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அகமதாபாத்தில் 1991-இல் தொடங்கிய மைக்கா, இத்துறையில் பெரிய பெயர். கட்டணமும் பெரிது. வீட்டை அடகு வைத்துப் போகும் இடமல்ல அது.

வேலைக்குப் போகும்போது கையில் என்ன இருக்கும்?

விளம்பர நிறுவனத்தில் மார்க் ஷீட்டைவிட போர்ட்ஃபோலியோவைத்தான் முதலில் புரட்டுவார்கள். நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு அது. பத்துப் பன்னிரண்டு வேலை போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு யோசனை இருக்க வேண்டும். நிறைய மாணவர்கள் கோகோ கோலாவுக்கும் நைக்கிக்கும் போஸ்டர் செய்து கொண்டுபோகிறார்கள். பார்ப்பவர் அந்த மாதிரி ஆயிரம் பார்த்திருப்பார். நம் பிள்ளைகளிடம் இருக்கும் சரக்கு வேறு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பூச்சிமருந்து டப்பாவின் லேபிளில் டைமண்ட் வடிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்றால் விஷம் குறைவு. சட்டப்படி போட வேண்டிய குறி இது. டெல்டாவில் அந்த மருந்தை விலைக்கு வாங்குபவர் மிராசுதார், அதைத் தோளில் சுமந்து வயலில் அடிப்பவர் நம் அப்பா, சித்தப்பா. விளம்பரம் முழுக்க வாங்குபவரைப் பார்த்துச் சிரிக்கிறது. அடிப்பவருக்கான எச்சரிக்கை, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் மூலையில் கிடக்கிறது. அந்த லேபிளை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு விவசாயத் தொழிலாளிக்குப் புரியும்படி மறுபடி வடிவமைத்துப் பாருங்கள். எப்போது முகத்தை மூட வேண்டும், எத்தனை நாள் அந்த வயலில் நடவாட்கள் இறங்கக் கூடாது என்பதைப் படத்திலேயே சொல்லுங்கள். நேர்காணலில் இதை எடுத்து வைத்தால், எதிரே இருப்பவர் இரண்டு நிமிடமாவது நின்று பார்ப்பார். சென்னையில் பிறந்து வளர்ந்த மாணவருக்கு இந்த யோசனை லேசில் வராது.

வன்கொடுமை நடந்தால் கூப்பிட வேண்டிய தேசிய உதவி எண் 14566. உங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கு ஒரு சுவர் விளம்பரம், முப்பது விநாடி வானொலி விளம்பரம் எழுதிப் பாருங்கள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் பெண்களின் சுய உதவிக் குழு ஏதாவது பொருள் செய்தால், அதற்கு ஒரு பெயரும் பாக்கெட்டும் செய்து கொடுங்கள். ஊரின் பெயரை வைத்தே பிராண்ட் உண்டாக்குவதில் கும்பகோணம் சளைத்ததல்ல. இங்கிருந்து போன கோபுரம் பூசுமஞ்சள் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். நெடுஞ்சாலை நெடுகப் பித்தளை டம்ளர் படத்தோடு நிற்கும் டிகிரி காபி போர்டுகளைச் சொல்லவே வேண்டாம். அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது, டிசைன் வேலைக்குப் பஞ்சமிருக்காது.

மொழி இன்னொரு முதலீடு. தமிழ்த் தொலைக்காட்சியில் வரும் விளம்பரங்களில் பல, இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிப் பிறகு தமிழுக்கு மாற்றியவை. வாயசைவு ஒன்று, வார்த்தை ஒன்று. அந்தத் தமிழை வீட்டில் யாரும் பேசுவதில்லை. டிராக்டர், விதை, நகைக்கடன், கைப்பேசி என்று கம்பெனிகள் எல்லாம் கிராமத்துக்கு விற்க அலைகின்றன. கிராமத்துப் பேச்சு தெரிந்த எழுத்தாளர் அவர்களுக்குத் தேவை. ஆங்கிலமும் வேண்டும்தான், கூட்டங்கள் அதில் நடக்கும். ஆனால் அது நான்கு ஆண்டில் தேற்றிக்கொள்ளக் கூடியது. ஃப்ளெக்ஸ் கடையில் பழகிய பாமினி எழுத்துருவோடு நிற்காமல் யூனிகோடு எழுத்துருக்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் பழகுங்கள். மென்பொருள் வாங்கக் காசில்லை என்றால் இன்க்ஸ்கேப், கிம்ப் இரண்டும் இலவசம்.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தடை. இந்தத் துறைக்குள் நுழையும் வாசல் இன்டர்ன்ஷிப். இரண்டு மூன்று மாதம் சம்பளமே இல்லாமல், அல்லது பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வேலை பார்க்க வேண்டிவரும். சென்னையில் மாமா வீடு இருப்பவருக்கு அது பயிற்சி. நம் பிள்ளைக்கு அது மூன்று மாத வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு வராமல் போன கூலி. ஆகவே சேரும் முன்பே உதவித்தொகை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். திருச்சி, தஞ்சாவூர் ஜவுளிக்கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விளம்பரம் செய்யும் சிறு நிறுவனங்களில் முதல் அனுபவத்தைப் பெறலாம், வீட்டிலிருந்தே போய்வரலாம்.

தனியார் துறையில் பெயரைப் பார்த்தே ஒதுக்கும் வழக்கம் வெறும் சந்தேகமல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களைத் தபாலில் அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. போர்ட்ஃபோலியோவை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெயரைத் தாண்டி வேலையைப் பார்க்கவைக்கும் கருவி அது. இத்துறையில் உள்ளே இருக்கும் நம்மவர்கள் அடுத்த பிள்ளைக்கு ஒரு போன் செய்து கொடுப்பதும் அவசியம். மற்றவர்கள் காலங்காலமாக அப்படித்தான் ஆள் எடுக்கிறார்கள்.

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு, 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. உற்பத்திக்கு மட்டுமல்ல, சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். தஞ்சாவூர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். அச்சு இயந்திரம் வாங்குவதற்கு மட்டும் யோசிக்காமல், இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து சிறிய விளம்பர நிறுவனமாகத் திட்ட அறிக்கை எழுதிப் பாருங்கள்.

கவின்கலைக் கல்லூரியின் சேர்க்கை மற்றக் கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கையோடு சேர்ந்து நடப்பதாக நினைத்து, காத்திருந்து கோட்டை விடுபவர்கள் உண்டு. பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதற்குள் சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது நீங்கள் வரைந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஃப்ளெக்ஸ் கடையில் போட்ட டிசைன்கள் இருந்தால் அதையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.